நிறம் போய்விட்டால் நீர் தூய்மையாகிவிடுமா?

2019 மார்ச் மாதம் பாசீர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டதை ஜொகூர் மாணவர்கள் எளிதில் மறந்துவிட முடியாது. சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து எழுந்த நச்சு ஆவி, வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத்தான் முதலில் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. ஆற்றில் கொட்டுவது ஆற்றோடு போய்விடும் என்ற நினைப்பு எவ்வளவு தவறானது என்பதை அந்த ஒரு வாரம் நமக்குக் காட்டியது. கண்ணுக்குத் தெரியாததே அதிகம் கெடுக்கும் என்பதையும் காட்டியது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட மாசு கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வகையைச் சேர்ந்தது. துணிக்கு நிறமேற்றும் செயற்கைச் சாயம்தான் அது. இந்தச் சாயத்தைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைப் பற்றி நம் மாநிலத்திலேயே, ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (யூ.டி.எம்.), நல்ல ஆய்வுகள் நடந்துள்ளன. பெருமைப்பட வேண்டிய வேலை அது. ஆனால், "பாக்டீரியா சாயத்தைத் தின்றுவிட்டது, தண்ணீர் தெளிந்துவிட்டது" என்ற அளவில் செய்தியைப் படித்து முடித்துவிட்டால், அந்த ஆய்வின் உண்மையான பாடத்தை நாம் தவறவிட்டவர்கள் ஆவோம். நிறம் போவது சுத்திகரிப்பின் முதல் படி. அடுத்த படிகளைப் பற்றிக் கேள்வி கேட்க மாணவர்களும் பழக வேண்டும், சட்டமும் பழக வேண்டும்.

18 வயது மாணவன் கண்டுபிடித்த நிறம்

1856ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாவுக்கான கொயினா மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். மருந்து கிடைக்கவில்லை, குடுவையில் ஊதா நிறப் பொருள் ஒன்று கிடைத்தது. மற்றவர்கள் கழுவி ஊற்றியிருக்கக்கூடிய அதை அவர் பட்டுத்துணியில் தோய்த்துப் பார்த்தார். அதிலிருந்து செயற்கைச் சாயத் தொழில் பிறந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1858இல், பீட்டர் கிரீஸ் என்ற வேதியியலாளர் டையசோ வினையைக் கண்டறிந்தார். அந்த வழியில் வந்தவைதான் 'அசோ' சாயங்கள். இன்று உலகில் பயன்படும் சாயங்களில் பாதிக்கு மேல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

எஸ்.டி.பி.எம். வேதியியல் படிப்பவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கைகோத்து நிற்கும். இரு பக்கமும் பென்சீன் போன்ற வளையங்கள் இருக்கும். நடுவில் உள்ள அந்த அசோ பிணைப்புதான் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களுக்கு அடிப்படை.

சாயம் நல்ல சாயம் என்று எப்போது சொல்கிறோம்? வெயிலில் வெளுக்கக் கூடாது. சோப்பு நுரையில் கரையக் கூடாது. வியர்வையில் மங்கக் கூடாது. தீபாவளிக்கு வாங்கிய சட்டை அடுத்த தீபாவளி வரை அதே நிறத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். எதனாலும் அழியாதபடி வடிவமைக்கப்பட்ட பொருள் ஆற்றில் கலந்தால் அங்கேயும் எளிதில் அழியாது. சட்டையில் நாம் விரும்பும் அதே குணம்தான் ஆற்றில் நமக்குத் தொல்லையாகிறது.

பருத்தித் துணியோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் சாயங்களில், தொட்டியில் போட்ட அனைத்தும் துணியில் ஏறிவிடுவதில்லை. சாயத்தின் வகையையும் பட்டறையின் முறையையும் பொறுத்து, பத்தில் ஒரு பங்கிலிருந்து சில வேளைகளில் பாதி வரைகூடக் கழுவும் நீரோடு வெளியேறுகிறது. ஜொகூரில் பத்து பகாட் ஜவுளி, ஆடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். கிளந்தானிலும் திரங்கானுவிலும் பாத்தேக் வீட்டுத் தொழிலாகவே நடக்கிறது. ஆகவே இது எங்கோ இருப்பவர்களின் பிரச்சினை அல்ல. சாய நீர் ஆற்றில் கலந்தால் சூரிய ஒளி உள்ளே இறங்காது. நீர்த்தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாது. நீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும். மீன்கள் மூச்சுத் திணறும்.

பாக்டீரியா எப்படிச் செய்கிறது?

நாம் ஆக்சிஜனைச் சுவாசிக்கிறோம். உணவிலிருந்து பிரித்தெடுத்த எலெக்ட்ரான்களைக் கடைசியில் ஒப்படைக்க ஒரு பொருள் தேவை; நம் உடலில் அந்த வேலையை ஆக்சிஜன் செய்கிறது. ஆக்சிஜன் மிகக் குறைவான இடத்தில் வாழும் பல பாக்டீரியாக்கள், எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ள வேறு பொருளைத் தேடும். அருகில் அசோ சாயம் இருந்தால் அதனிடம் கொடுத்துவிடும். நான்கு எலெக்ட்ரான்கள் சேர்ந்தால் நைட்ரஜன்களின் இரட்டைப் பிணைப்பு முற்றிலும் அறுந்து, சாய மூலக்கூறு இரண்டு துண்டாகும். நிறம் மறையும். படிவம் 5 வேதியியலில் நீங்கள் படிக்கும் ரெடாக்ஸ் வினைதான் இது; நடப்பது மட்டும் நுண்ணுயிருக்குள்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, பெரும்பாலான நேரங்களில் பாக்டீரியா சாயத்தை உணவாகத் தின்பதில்லை. அதற்குச் சர்க்கரை போன்ற வேறு உணவு வேண்டும். சாயம் எலெக்ட்ரானை இறக்கி வைக்கும் இடம் மட்டுமே. இரண்டாவது, ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் பாக்டீரியா எலெக்ட்ரானை ஆக்சிஜனிடமே கொடுத்துவிடும். சாயம் அப்படியே இருக்கும். "நல்ல பாக்டீரியாவை வளர்த்து ஆற்றில் ஊற்றிவிடலாமே" என்று கேட்பவர்களுக்கு இங்கேயே பதில் இருக்கிறது. ஓடும் ஆற்றில் இந்த வேலை நடக்காது. தொழிற்சாலைக்குள், கட்டுப்படுத்தப்பட்ட தொட்டியில்தான் நடக்கும்.

யூ.டி.எம். ஆய்வாளர்கள் ஒரு கழிவுநீர்க் குளத்திலிருந்து இரண்டு பாக்டீரியா வகைகளைப் பிரித்தெடுத்தார்கள். ஒன்று சிட்ரோபேக்டர் இனம், மற்றொன்று என்டரோகாக்கஸ் இனம். இவற்றின் மரபணு வரிசை 2012இல் வெளியிடப்பட்டது. இவற்றோடு என்டரோபேக்டர் என்ற மூன்றாவது வகையையும் சேர்த்து 'என்.ஏ.ஆர்.-2' என்று பெயரிட்ட கூட்டணியை உருவாக்கி, 'அமரந்த்' என்ற சிவப்பு அசோ சாயத்தின்மீது சோதித்தார்கள். நாம் சந்தையில் 'பாயாம்' என்று வாங்கும் கீரைக் குடும்பத்தின் பெயரைத்தான் அந்தச் சாயத்துக்கு வைத்திருக்கிறார்கள்; மற்றபடி கீரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆக்சிஜன் குறைந்த நிலையில் அந்தச் சாயத்தின் நிறம் 30 நிமிடத்தில் போய்விட்டது.

செய்தித் தலைப்புக்கு அந்த அரை மணி நேரம் போதும். ஆய்வாளர்கள் அங்கே நிற்கவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

நிறமற்ற துண்டுகள் எங்கே போயின?

சாய மூலக்கூறு இரண்டு துண்டானதும் கிடைப்பவை அரோமாட்டிக் அமீன்கள் எனப்படும் பொருள்கள். பெரும்பாலும் இவற்றுக்கு நிறம் இல்லை. கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாகத் தெரியும். ஆனால் பொருள் அங்கேயேதான் இருக்கிறது.

நிறமற்ற துண்டு எவ்வளவு வீரியம் உள்ளதாக இருக்க முடியும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக், 'புரோன்டோசில்' என்ற சிவப்பு அசோ சாயம் கிருமித் தொற்றைக் குணமாக்குவதை 1935இல் அறிவித்தார். ஒரு புதிர் மட்டும் இருந்தது. சோதனைக் குழாயில் அந்தச் சாயம் கிருமிகளை ஒன்றும் செய்யவில்லை. உடலுக்குள் போனால்தான் வேலை செய்தது. அதே ஆண்டு பாரிஸில் உள்ள பாஸ்டர் ஆய்வகத்தினர் விடை கண்டார்கள். உடலுக்குள் அசோ பிணைப்பு அறுந்து, சல்ஃபனிலமைட் என்ற நிறமற்ற பொருள் வெளிவருகிறது. கிருமியை அடக்குவது அதுதான். சிவப்பு நிறத்துக்கும் மருந்துக்கும் தொடர்பே இல்லை.

அங்கே நிறமற்ற துண்டு உயிரைக் காத்தது. வேறு சில துண்டுகள் உயிரைக் குடித்திருக்கின்றன. 1895இல் பிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த லுட்விக் ரேன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பை புற்றுநோய் காணப்படுவதை எடுத்துரைத்தார். பென்சிடின் போன்ற சில அரோமாட்டிக் அமீன்களே அதற்குக் காரணம் என்று பின்னர் உறுதியானது. 22 வகை அமீன்களை வெளியிடக்கூடிய அசோ சாயங்களைத் தோலில் படும் துணிகளில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் தடை விதித்ததும் இந்த அனுபவத்தால்தான். எல்லா அரோமாட்டிக் அமீன்களும் நச்சு என்று சொல்வது தவறு. எது எவ்வளவு இருக்கிறது என்று அளக்காமல் நச்சு இல்லை என்று சொல்வதும் அதே அளவு தவறு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில துண்டுகள் காற்றுப் பட்டதும் தாமாகவே ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மீண்டும் நிறமுள்ள பொருளாக மாறிவிடும். நேற்று தெளிந்த நீர் இன்று பழுப்பாகும்.

யூ.டி.எம். ஆய்வு இதற்காகத்தான் இரண்டு கட்டங்களாக அமைக்கப்பட்டது. முதல் கட்டத்தில் ஆக்சிஜன் குறைவு. என்டரோகாக்கஸ் முன்னிலை வகித்து அசோ பிணைப்பை அறுத்தது. இரண்டாம் கட்டத்தில் காற்று செலுத்தப்பட்டது. சிட்ரோபேக்டரும் என்டரோபேக்டரும் பொறுப்பேற்று, அந்தத் துண்டுகளில் உள்ள கந்தகத் தொகுதியை நீக்கி, நைட்ரஜன் தொகுதியை நீக்கி, கடைசியில் வளையத்தையே திறக்கும் வழியில் சிதைத்தன. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடரும் அஞ்சல் ஓட்டம் போன்றது இது. தனி ஒரு 'அதிசய பாக்டீரியா' என்று எதுவும் இங்கே இல்லை. ஒரு பரிசோதனை முடிவை நேர்மையாகப் படிப்பது என்றால், முதல் ஓட்டக்காரரின் வேகத்தை மட்டும் பார்க்காமல் கடைசி ஓட்டக்காரர் கோட்டைத் தொட்டாரா என்று பார்ப்பது.

குடுவையிலிருந்து தொழிற்சாலைக்கு

ஆய்வகக் குடுவையில் ஒரே ஒரு சாயம் இருக்கும். தொழிற்சாலைக் கழிவில் பல சாயங்களோடு சோப்பு, கஞ்சி, காரம், உப்பு, சூடு எல்லாம் கலந்திருக்கும். காலையில் சிவப்பு ஓடும் குழாயில் மாலையில் நீலம் ஓடும். இந்த நெருக்கடியைத் தாங்கும் நுண்ணுயிர் அமைப்பு வேண்டும் என்று யூ.டி.எம்.மில் காலிடா மூடாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் எடுத்துக்கொண்ட வழி வேறு. கழிவுநீர்ச் சேற்றையும் ஜவுளி ஆலைச் சேற்றையும் கலந்து, ஒரே தொட்டியில் காற்றுள்ள நிலையையும் காற்றில்லா நிலையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, நுண்ணுயிர்களைச் சிறு குருணைகளாகத் திரளச் செய்தார்கள். தொடக்கத்தில் 0.02 மில்லிமீட்டராக இருந்த குருணைகள் சராசரியாக 2.3 மில்லிமீட்டர் வரை வளர்ந்தன. குருணையின் வெளிப்பகுதிக்கு ஆக்சிஜன் கிடைக்கும், உள்பகுதிக்குக் கிடைக்காது. ஆகவே இரண்டு வகை நுண்ணுயிர்களும் ஒரே குருணையில் குடியிருக்க முடியும். கனமான குருணை விரைவாக அடியில் படிந்துவிடுவதால், தெளிந்த நீரைப் பிரிப்பதும் எளிது.

2010இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: சி.ஓ.டி. எனப்படும் வேதி ஆக்சிஜன் தேவை 94 விழுக்காடு குறைந்தது. அம்மோனியா 95 விழுக்காடு நீங்கியது. நிறம் 62 விழுக்காடு மட்டுமே நீங்கியது. அதுவும் ஆய்வகத்தில் தயாரித்த செயற்கைக் கழிவுநீரில். இந்த 62 என்ற எண்ணை மறைக்காமல் எழுதினார்களே, அதுதான் அறிவியல். நம் பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் வைக்கப்படும் பல பதாகைகளில் எல்லாம் 99 விழுக்காடாகவே இருப்பதை நினைத்துப் பார்க்கிறோம்.

திருப்பூர் கற்ற பாடம்

பாக்டீரியாவால் செய்யவே முடியாத ஒன்றும் இருக்கிறது. அதை அறிய நாம் தமிழ்நாட்டின் திருப்பூருக்குப் போக வேண்டும். நாம் அணியும் பனியன்கள் பலவற்றின் பிறப்பிடம் அது. பருத்தியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் என்ற கணக்கில் உப்புச் சேர்க்க வேண்டும். அந்த உப்பு முழுவதும் கழிவோடு வெளியேறும். உப்பை எந்தப் பாக்டீரியாவும் சிதைக்காது.

திருப்பூரின் சாயக்கழிவு ஆண்டுக்கணக்கில் நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாய நீரும் உப்பும் தேங்கும் தொட்டியாக மாறியது. வயலுக்கு நீர் தர வேண்டிய அணையே வயலைக் கெடுத்ததால் விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பல்லாயிரம் தொழிலாளர்களின் பிழைப்பு ஒரே நாளில் கேள்விக்குறியானது. பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் முறைக்குப் பட்டறைகள் மாற வேண்டியதாயிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர்த் தொட்டி, சவ்வு வடிகட்டி, ஆவியாக்கும் கொதிகலன் எல்லாம் வரிசையாக வந்தன. பாக்டீரியாவுக்கு அந்த வரிசையில் முக்கியமான இடம் உண்டு. ஆனால் அது ஓர் இடம் மட்டுமே. ஆற்றைக் கெடுத்துவிட்டுத் திருத்தியதற்கு அந்த ஊர் கொடுத்த விலை, முதலிலேயே திருத்தியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைவிடப் பெரிது என்பதே நம் எண்ணம்.

நம் சட்டம் எதை அளக்கிறது?

மலேசியாவில் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 2009இல் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள் கொண்டுவரப்பட்டன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் கழிவை விடுபவர்களுக்கு 'ஏ' தரம். மற்றவர்களுக்கு 'பி' தரம். நிறத்துக்கு ஏ.டி.எம்.ஐ. அளவில் 'ஏ' தரத்தில் 100, 'பி' தரத்தில் 200 என்று வரம்பு உண்டு. ஜவுளித் தொழிலின் சி.ஓ.டி.க்கு லிட்டருக்கு 80 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று தனி வரம்பு உண்டு. பாதரசம், காரீயம், பினால் என்று பட்டியல் நீள்கிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம், கடுமையான குற்றங்களுக்கான அபராதத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தியுள்ளது. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால் அந்தப் பட்டியலில் அரோமாட்டிக் அமீன்களுக்குத் தனி வரம்பு இல்லை. கரைந்த உப்புக்கும் வரம்பு இல்லை. அதாவது, ஒரு சாயப்பட்டறை நிறத்தை மட்டும் பாதி வழியில் அறுத்து, துண்டுகளையும் உப்பையும் அப்படியே விட்டுவிட்டாலும், நிறத்துக்கான தேர்வில் அது தேறிவிடக்கூடும். சி.ஓ.டி. ஓரளவு காட்டிக்கொடுக்கும், எந்தப் பொருள் எஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்லாது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. சாயக் கழிவை வெளியேற்றும் தொழிற்சாலைகளுக்கு நச்சுத்தன்மைச் சோதனையும் உப்பின் அளவும் கட்டாயமாக்கப்பட வேண்டும். தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட வசதியில்லாத சிறு பாத்தேக் பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைய அரசு கைகொடுக்க வேண்டும். சிறு தொழிலாளியை அபராதத்தால் மட்டும் திருத்திவிட முடியாது. பல்கலைக்கழக ஆய்வகத்தில் வெற்றி பெற்ற முறைகளை உண்மையான தொழிற்சாலைக் கழிவில் சோதித்துப் பார்க்க ஜவுளி நிறுவனங்கள் கதவைத் திறக்க வேண்டும். ஸ்கூடாயில் யூ.டி.எம்., பத்து பகாட் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் என இரண்டையும் வைத்திருக்கும் ஜொகூருக்கு இது எட்டாத காரியம் அல்ல.

மாணவர்கள் செய்யக்கூடியது

இந்தத் துறையில் வேதியியல், உயிரியல், பொறியியல், சட்டம் நான்குக்கும் இடமிருக்கிறது. மேற்படிப்புக்குத் துறை தேடும் படிவம் 5, படிவம் 6 மாணவர்கள் சுற்றுச்சூழல் பொறியியலையும் நுண்ணுயிரியலையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

அறிவியல் கண்காட்சிக்குத் தலைப்பு தேடுபவர்களுக்கு ஒரு யோசனை. ஆசிரியரின் மேற்பார்வையில், சாதாரண உணவுச் சாயம் கலந்த நீர், நிறம் நீக்கிய நீர், உப்புக் கரைசல், குழாய் நீர் ஆகிய நான்கிலும் பச்சைப்பயறை முளைக்கவிட்டு, வேரின் நீளத்தை நாள்தோறும் அளந்து பாருங்கள். ஆய்வாளர்களும் சுத்திகரித்த சாய நீரை இப்படி விதையில் சோதிப்பது உண்டு. விதைக்கு நிறம் தெரியாது. நீரில் என்ன இருக்கிறதோ அதற்கு ஏற்பத்தான் வேர் விடும். தொழிற்சாலைக் கழிவையோ, அறியாத பாக்டீரியாவையோ மட்டும் நீங்களாகக் கையாள வேண்டாம். மேலே சொன்ன பாக்டீரியா இனங்கள் சில, உடல் பலவீனமானவர்களுக்கு நோய் உண்டாக்கக் கூடியவை. பயிற்சி பெற்றவர்களின் ஆய்வகமே அவற்றுக்கு உரிய இடம்.

இனி "நுண்ணுயிர் மாசை நீக்கியது" என்று எங்கே படித்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சிதைந்த துண்டுகள் என்ன ஆயின? சோதித்தது ஆய்வக நீரா, தொழிற்சாலை நீரா? உப்பு எங்கே போனது? அந்த நீரில் உயிர் வாழ்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் ஆய்வையே நாம் நம்பலாம். விடை இல்லாத இடத்தில், அதைத் தேடும் வேலை உங்களில் சிலருக்காகக் காத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.